சுழியார் பொறுக்கிய டேரா வண்டி

விழுப்புரம் ஜங்ஷனில் தொடங்கித் திண்டிவனம் சந்தை வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு பொருளைப் பார்த்து வாங்கத் தெரியாத மனிதர் என்று சுழியாரைப் போல இன்னொருவர் அகப்பட மாட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்த வட்டாரத்தில் யார் எதை வாங்கப் போனாலும் அவரைத்தான் முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போவார்கள். நானும் ஒருமுறை அப்படிப் போனேன். முழுசாகத் திரும்பி வந்தது மேல்மலையனூர் அங்காளம்மன் புண்ணியம்.

அவருக்குத் தொழில் மாட்டுத் தரகு. பெற்றவர்கள் வைத்த பேர் என்னவோ, யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்து, இது குடும்பத்தை வாழவைக்கும், இது கெடுக்கும் என்று சொல்வது எங்கள் பக்கத்துத் தரகர்கள் எல்லோருக்கும் வழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் மாட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். இவருக்கு நிறுத்தத் தெரியாது. கதவு வாங்கப் போனால் பலகையில் சுழி பார்ப்பார். பூசணிக்காய் வாங்கப் போனால் காம்படியில் பார்ப்பார். எங்கள் ஜங்ஷனுக்குப் புது எஞ்சின் வந்த அன்று ஊரே வாயைப் பிளந்து நின்றது. இவர் மட்டும் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"பின்னங்கால் சப்பை. இது மெட்ராஸ் போய்ச் சேராது."

அது மெட்ராஸ் போயிற்று. திரும்பி வந்தது. வருஷக்கணக்காகப் போய் வந்துகொண்டே இருந்தது. அதை யாராவது எடுத்துச் சொன்னால், "போவுது, இல்லன்னு சொல்லல. ஆனா இன்னா போக்கு அது?" என்பார். இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது?

பெண் பார்க்கப் போன இடத்திலும் விடவில்லையாம். பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், தலையைத் திருப்பச் சொல்லிப் பின்னந்தலையைப் பார்த்தாராம். அவர் வீட்டம்மாள் பச்சையம்மாள் இதை என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"தலையத் திருப்புன்னாரு, தம்பி. அன்னிக்கே நான் வெளக்கமாத்தத் திருப்பியிருந்தா இன்னிக்கு நிம்மதியா இருந்திருப்பேன்."

ஊரார் தலையை எல்லாம் திருப்பிப் பார்த்த இந்த மனிதர் தன் தலையை மட்டும் ஒருவருக்கும் காட்ட மாட்டார். காலையில் கட்டின முண்டாசு ராத்திரி படுக்கும்போதும் இருக்கும். உள்ளே வழுக்கை என்றார்கள் சிலர். அதுகூட இல்லை, உள்ளே ஒன்றுமே இல்லை என்றேன் நான்.

அவர் வீட்டுக் கொட்டகையில் கட்டியிருந்த மாட்டைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு வரும். ஊருக்கெல்லாம் சுழி சொல்லுகிறவர், தன் வீட்டில் கட்டியிருந்தது பாடைச் சுழி மாடு. அதை வைத்திருக்கிறவனுக்குப் பாடை கட்டும் என்று சந்தையில் யாரும் கிட்டப் போகமாட்டார்கள். விலை போகாமல் கசாப்புக்குப் போக இருந்ததை இவர் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஏன் மச்சான், ஊருக்கு உபதேசமா?" என்று கேட்டேன். "கெட்ட சுழின்னா அதையும் எவனாவது கட்டிக்கினு அழுவணுமில்ல, மாப்ள?" என்றார். தரகருக்குத் தரகுப் பணம் வரவேண்டுமே தவிர, இப்படி மாடு வரலாமா? பிழைக்கத் தெரியாதவர் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

மச்சான், மாப்பிள்ளை என்பதெல்லாம் ரத்த பந்தம் இல்லை. அடுத்த வீடு. என் மனைவி அஞ்சலையை அவர் தங்கச்சி என்று கூப்பிடுவார். அந்த வழியில் வந்த உறவு. நான் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலைக்கு எடை போடுகிறவன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீதிப் படிப்பு அம்மன் சன்னதியில். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு நான் மண்டிக்குக் கிளம்பினால், சுழியார் வாசலில் நின்று, "இன்னா மாப்ள, எடைக்கல்லுக்கும் பூசிட்டியா?" என்று கேட்பார். சாமிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கோவிலுக்கு வந்தாலும் நந்தியோடு நின்றுவிடுவார். அதற்கும் சுழி பார்ப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த மனிதரை நம்பி நான் ஏன் வண்டி வாங்கப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஒரே மகள் ஒரு ஜுரத்தில் கண் திறக்காமல் கிடந்தாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். அஞ்சலை ஈரப் புடவையோடு நின்று, மலையனூர் இருக்கும் திசையைப் பார்த்து முந்தானையை ஏந்தி வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. மாசி அமாவாசை மயானக்கொள்ளைக்கு முந்தின நாளே போய், அம்மன் எல்லையில் ஒரு ராத்திரி தங்கி, விடிந்து கொள்ளையில் தானியமும் காய்கறியும் வாரி இறைத்துச் சூறை விடுவதாக வேண்டுதல்.

வேண்டுவது சுலபம். அஞ்சலைக்கு இழுப்பு உண்டு. பனி மேலே பட்டால் நெஞ்சு கூடு பிடித்துக்கொள்ளும். அந்தத் திருநாளில் மேல்மலையனூரில் தலைக்கு மேல் கூரை என்று எதுவும் கிடைக்காது. வந்த கூட்டம் முழுக்க வயல்வெளியிலும் மரத்தடியிலும்தான் படுக்கும். முதல் மாசி போனோம். கூண்டு வண்டிக்குள் படுக்கவைத்தேன். இரண்டு பக்கமும் திறந்த கூண்டு. பனி உள்ளே வந்து எங்களோடு படுத்துக்கொண்டது. கோழி கூவுமுன் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பிள்ளையையும் அவளையும் தூக்கிப் போட்டுக்கொண்டு செஞ்சி ஆஸ்பத்திரிக்குத் திரும்பி ஓடிவந்தேன். சூறை விடக் கொண்டுபோன மூட்டை பிரிக்காமலே திரும்பியது.

அதிலிருந்து வீட்டில் ஒரு நல்லது பேச முடியவில்லை. பிள்ளை தும்மினால்கூட அஞ்சலை என் முகத்தைப் பார்ப்பாள். "வாக்குக் குடுத்துட்டு வாசல் வரைக்கும் போயி திரும்பிட்டேன். அவ பாத்துக்கினுதான இருக்கா?" என்பாள். எனக்கும் அதே பயம்தான். ஆண்பிள்ளை என்பதால் வெளியே சொல்லவில்லை.

அடுத்த மாசி நெருங்கிற்று. உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். திண்டிவனத்துக்கு வெளியே, ஒலக்கூர் போகிற வழியில், ஒரு பொட்டலில் முள்வேலி போட்டு ராணுவச் சாமான்களைக் குவித்து விற்றார்கள். அதில் ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் ரெண்டு சக்கர வண்டி, டிரெய்லர் என்பார்கள், அதுவும் இருப்பதாகச் சேதி வந்தது. காடு, மேடு, சேறு, மணல் எதிலும் போகுமாம். அதன் மேலேயே டேராத் துணி மடித்துக் கட்டியிருக்குமாம். போன இடத்தில் விரித்தால் மூன்று பக்கமும் மூடிய துணி வீடு.

சேதியைக் கொண்டுவந்தவர் சுழியார்தான். அஞ்சலை எதிரில் நின்று மார்தட்டினார்.

"தங்கச்சி, நீ கவலப்படாத. நான் பாத்துப் பொறுக்கிக்கினு வர்றேன். உன் மேல ஒரு சொட்டுப் பனி உழுந்தா, நான் இந்த முண்டாசக் கழட்டிப் போட்டுட்டுப் போறேன்."

"போடட்டும் தம்பி, நானும் பாக்கறேன்" என்றாள் பச்சையம்மாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

பாசஞ்சரில் திண்டிவனம் போய் இறங்கினோம். வழியெல்லாம் எனக்கு உபதேசம். வாங்கப் போகும் இடத்தில் ஆசையைக் காட்டக்கூடாது. பிடித்ததைப் பார்க்காமல் பிடிக்காததைத் தடவிக் கொடுக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவே கூடாது. சரி, திறக்கவில்லை. முள்வேலிக்குள் நுழைந்ததும் அவர் நேரே போய் ஒரு தண்ணீர் டாங்கியைத் தடவிக் கொடுத்தார். அங்கே இருந்த மெட்ராஸ் குமாஸ்தா அதற்குச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டான். அதிலிருந்து மீள்வதற்குள் ஒரு நாழிகை போயிற்று.

டேரா வண்டிகள் மூன்று இருந்தன. முதல் வண்டியைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. உடம்பு முழுக்க இரும்பு. டயர் புதுசு. டேரா பச்சைப் பசேல் என்று, மடிப்புக் கலையாமல், வெயிலைக்கூடப் பார்க்காத துணி. சுழியார் அதைச் சுற்றி வந்தார். தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"வேணாம்."

"ஏன் மச்சான்?"

"இரும்புல ஏது சுழி? மொட்ட ஜாதி. ஒடம்புல ஒரு சுழிகூட இல்லாதத எப்பிடி நம்பறது?"

இரண்டாவது வண்டியில் பக்கப் பலகைகளும் பின்கதவும் மரம். மரத்தில் கணு இருக்கும், கணுவைச் சுற்றி ரேகை சுழித்திருக்கும். சுழியாருக்குக் கண் பளிச்சென்று ஆயிற்று. எனக்கும் பரவாயில்லை என்று பட்டது. டேராத் துணியில் ஒரு ஓட்டை இல்லை. அவர் பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கி உள்ளே பல் பார்த்தார். நான் கேலி செய்யவில்லை, கீலில் இருந்த திருகாணிகளை விரல் வைத்து எண்ணி, "ஆறு பல்லு. வயசு சரியா இருக்குது" என்றார். அப்புறம் பின்னால் போய் நின்றவர், பாம்பைக் கண்டது போல் இரண்டடி தள்ளி வந்தார்.

"எறங்குபூரான்!"

பூரான் ஊர்வது போல மயிர் வரிசை மேலே ஏறினால் ஏறுபூரான், குடும்பம் ஏறும். கீழே இறங்கினால் இறங்குபூரான், குடும்பம் இறங்கும். பின்கதவுப் பலகையில் ரேகை ஒன்று கீழ்ப்பார்த்து ஓடியது வாஸ்தவம். ஆனால் அந்தக் கதவு கழற்றி மாட்டுகிற கதவு.

"மச்சான், கதவைக் கழட்டித் தலைகீழா மாட்டினா அதுவே ஏறுபூரானாயிடுமே?"

சுழியார் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். ஏதோ கோவில் விக்கிரகத்தைக் கவிழ்த்து வைக்கச் சொன்ன மாதிரி.

"பொறந்த சுழியத் திருப்பறதா? மாட்டத் தலைகீழாக் கட்டுவியா நீ? மல்லாட்ட எடை போடறவன்கிட்ட வேற இன்னா புத்தி இருக்கும்!"

மூன்றாவது வண்டி ஒரு ஓரமாக, தலை குனிந்து, ஒரு சக்கரத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. பெயிண்டு உரிந்து, பலகை வெளுத்து, டேராத் துணியில் ஒட்டு மேல் ஒட்டு. வாசல் பக்கம் கழியின் நுனி நுழைவதற்கென்று இருந்த ஓட்டை கிழிந்து, ஒரு பூசணிக்காய் போகிற அளவுக்கு அகன்றிருந்தது. நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் சுழியார் பின்தங்கி நின்று, முன்பலகையை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இங்க வா. கொடைமேல் கொடை!"

ஒரு சுழிக்கு மேல் இன்னொரு சுழி, குடைக்கு மேல் குடை பிடித்தது போல. அந்தச் சுழி உள்ள மாட்டைக் கட்டினவன் அரசனாவான் என்பது சாஸ்திரமாம். அந்த வண்டியைக் கட்டி இழுத்த வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறானே என்று கேட்க வாய் வந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் விழுங்கினேன்.

அடுத்து நடை பார்க்க வேண்டுமாம். மாடு இல்லை, ஆகவே என் தோளில் கொக்கிக் கம்பியை வைத்தார். "ஓட்டு மாப்ள" என்று பின்னால் நின்று நாக்கைச் சொடுக்கினார். நான் அந்த வண்டியை இழுத்துக்கொண்டு பொட்டலைச் சுற்றி வந்தேன். வேலிக்கு உள்ளே சிப்பாய்கள், வெளியே மாடு மேய்க்கிறவர்கள், எல்லோரும் கைதட்டினார்கள். சுழியார் மட்டும் சிரிக்காமல் என் காலையே கவனித்தார். "வண்டி நட சுத்தம். முன்னால போறதுக்குத்தான் எடது கால் கொஞ்சம் வாங்குது" என்று குமாஸ்தாவிடம் சொன்னார்.

விலை பேசும் கட்டம் வந்தது. வண்டியின் மேலேயே வெள்ளைப் பெயிண்டில் விலை எழுதியிருந்தது. எழுதின விலை பேரம் கிடையாது என்று குமாஸ்தா மூச்சுவிட நேரமில்லாமல் சொன்னான். சுழியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த சிவந்த சார்ஜண்டிடம் நேரே போனார். தோள் துண்டை எடுத்து அவன் கைமேல் போட்டார். துண்டுக்கு அடியில் தன் கையை விட்டு அவன் விரல்களைப் பிடித்தார். மாட்டுச் சந்தையில் தரகர்கள் பிறர் கண்ணில் படாமல் விலை பேசும் முறை அது. சார்ஜண்டுக்கு என்ன தெரியும்? முதலில் துள்ளினான். அப்புறம் துண்டை மேலும் கீழும் பார்த்தான். ஏதோ தேசாசாரம் என்று நினைத்தான் போலிருக்கிறது. துண்டுக்கு அடியிலேயே சுழியாரின் கையைப் பிடித்து ஆட்டு ஆட்டு என்று ஆட்டிவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

சுழியார் வெற்றியோடு திரும்பினார். "படிஞ்சிடுச்சி. தொர எறங்கி வந்துட்டான்."

வண்டியில் எழுதியிருந்த விலையைத்தான் கொடுத்தோம். ஒரு தம்பிடி குறையவில்லை. ஆனால் அவர் கடைசி வரைக்கும், வெள்ளைக்காரனிடம் விரலிலேயே பேசி விலையைக் குறைத்தவன் தான் ஒருவன்தான் என்று சந்தை சந்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிய கூத்து இனிமேல்தான். கிளம்பும்போது குமாஸ்தா ஒரு கட்டுக் கயிறும், பூண் போட்ட ஒரு நீளக் கழியும் கொண்டுவந்து வண்டிக்குள் போட்டான். சுழியார் அவற்றை எடுத்து வெளியே போட்டார். அவன் மறுபடி உள்ளே போட்டான். இவர் மறுபடி வெளியே போட்டார்.

"யோவ், இது டேராவோட சேந்ததுய்யா. எட்த்துக்கினு போ!"

"தெரியும், தெரியும். வித்த ஊட்டுக் கயிறு வாங்கற ஊட்டுக்கு வரக்கூடாதுப்பா. அது வித்தவனுக்குத்தான்."

எங்கள் பக்கத்தில் மாடு விற்றால் கயிற்றைத் தரமாட்டார்கள் என்பது உண்மை. மாடு போனாலும் பட்டி பெருகட்டும் என்று விற்றவர் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வார். வாங்கினவர் தன் புதுக் கயிறு போட்டு ஓட்டிப்போவார். அது மாட்டுக்கு. ஒரு தேசத்துப் பட்டாளம் கடையைக் கட்டிக்கொண்டு கப்பலேறுகிறது. அதன் பட்டி பெருக வேண்டும் என்று இவர் கயிற்றையும் கழியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார்! குமாஸ்தா எங்களைக் கடைசியாகப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"கயிறு சரி மச்சான், கழி?" என்று கேட்டேன்.

"கழி ஊருல இல்லாத பொருளா? பேஜாரு பண்ணாத வா."

திண்டிவனத்துக் கொல்லனிடம் வண்டிக்கு ஏர்க்கால் பொருத்தி, மாடு பிடித்து விழுப்புரம் வந்து சேர்ந்தோம். டேராவை ஒருமுறை விரித்துப் பார்த்துவிடலாம் என்றேன். அதற்கு அஞ்சலையே குறுக்கே நின்றாள். புதுசாக வாங்கினது, முதலில் அம்மன் எல்லையில்தான் விரிய வேண்டும் என்றாள். பக்தி விஷயத்தில் நான் மறுத்துப் பேசுகிறவன் இல்லை. சுழியார் புதுக் கயிறு வாங்கி, மஞ்சள் தடவி, வண்டிக்குள் வைத்தார். கழி யாருக்கும் நினைவு வரவில்லை.

மாசி அமாவாசைக்குக் கிளம்பினோம். அஞ்சலை, மகள், பச்சையம்மாள் வண்டிக்குள். சுழியாரின் பாடைச் சுழி மாடும் ஜோடிக்கு இரவல் மாடும் நுகத்தில். ஜீப்புக்குச் செய்த வண்டி மாட்டுக்குப் பின்னால் எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். மேட்டில் கூப்பிட்டாலும் வராது; பள்ளத்தில் கூப்பிடாமலே வந்து மாட்டின் தொடையில் இடிக்கும். செஞ்சி மலை தெரிய ஆரம்பித்த இடத்தில் ஒரு சரிவு. வண்டி மாட்டைத் துரத்தியது, மாடு முன்னால் நடந்த எங்கள் இருவரையும் துரத்தியது. பச்சையம்மாள் உள்ளேயிருந்து கத்தினாள்: "யோவ், பாடச் சுழின்னியே, இன்னிக்கே கட்டிடும் போல இருக்குதேய்யா!"

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆற்று மணலில் மற்ற வண்டிகள் அச்சு வரைக்கும் புதைந்து நிற்க, எங்கள் வண்டி மணல் மேல் பாய் விரித்தது போல் போயிற்று. "பாத்தியா, கொடைமேல் கொடை!" என்று சுழியார் மீசையைத் தடவினார். ரப்பர் டயர் என்று நான் சொல்லிப் பார்த்தேன். காற்றில் போயிற்று.

மேல்மலையனூர் எல்லையில் பொழுது சாயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு தரிசு நிலத்தில் வண்டியை நிறுத்தி, டேராவை அவிழ்த்தோம். துணி தொப்பென்று தரையில் விழுந்தது. எழுந்து நிற்கவில்லை. எப்படி நிற்கும்? ஒரு பக்கத்தை வண்டியின் கம்பியில் மாட்டிவிட்டோம். அதை மறுபக்கம் தாங்க வேண்டிய கழி ஒலக்கூர் வழியில் பட்டாளத்துக்காரனின் பட்டியைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

கழி ஊரில் இல்லாத பொருளா என்று கேட்டாரே, அன்றைக்கு அந்த ஊரில் இல்லை. திருநாள் கடைக்காரர்கள் ஒரு மூங்கில் பாக்கி வைக்காமல் நட்டுவிட்டார்கள். எங்கேயோ போய் ஒரு சவுக்குக் கழி பிடித்து வந்தேன். கான்வாஸ் கனத்துக்கு அது கரும்பு மாதிரி முறிந்தது. நுகத்தடியை நிறுத்திப் பார்த்தோம், குட்டை. இதற்குள் இருட்டி, பனி இறங்க ஆரம்பித்தது. அஞ்சலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு இருமல் இருமினாள். அந்த இருமல் எனக்குப் பழக்கம்.

"திரும்பிடலாமாங்க?" என்றாள். "ரெண்டாவது வருசமும் அவ என்ன வாணாங்கறா."

நான் சுழியார் பக்கம் திரும்பினேன். அதுவரை சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன்.

"கழிய வாணான்னு தூக்கி எறிஞ்சீங்களே! மொட்ட வண்டிய வாங்கியிருந்தா, பூரான் வண்டிய வாங்கியிருந்தா, இப்ப எம் பொண்டாட்டி நிம்மதியாப் படுத்திருப்பா. சுழியாம் சுழி! உங்களக் கூட்டிக்கினு போனதுக்கு ஒரு குருடனக் கூட்டிக்கினு போயிருக்கலாம்!"

அவர் துணியின் வாசல் ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டு நின்றார். அப்புறம், "நீ தங்கச்சியையும் புள்ளையையும் உள்ள கூட்டிக்கினு போய்ப் படு. நான் வேற வழி பண்றேன்" என்றார்.

நாங்கள் துணிக்கு அடியில் குனிந்து உள்ளே போய் வைக்கோலைப் பரப்பிக்கொண்டோம். சற்று நேரத்தில் கூரை மெல்ல மேலே எழுந்தது. வாசல் துணி இறங்கி மூடிக்கொண்டது. உள்ளே கதகதப்பு வந்தது.

"கழி கெடச்சிதா மச்சான்?" என்று படுத்தபடியே கேட்டேன்.

"கெடச்சிது, கெடச்சிது. மூடிக்கினு தூங்கு."

எங்கேயோ திருடிக்கொண்டு வந்திருப்பார், விடிந்ததும் கடைக்காரன் வந்து உதைப்பான் என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வெளியே ஒரே கும்பல் சத்தம். உடுக்கை ஓசை. "தாயே, அங்காளம்மா!" என்று குரல். எங்கள் டேராவைச் சுற்றி யாரோ நிற்பது நிழலாகத் தெரிந்தது. கடைக்காரன்தான் ஆள் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டான் என்று துணியை விலக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தேன்.

டேராவின் உச்சியில், அந்தப் பூசணிக்காய் ஓட்டை வழியாக, சுழியாரின் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

முண்டாசு இல்லை. நெற்றியில் ஒரு படி குங்குமம். கன்னமெல்லாம் மஞ்சள். கழுத்தில் வேப்பிலை மாலை, அதில் எலுமிச்சம்பழம். எதிரில் தரையில் கற்பூரம் எரிந்தது. மயானக்கொள்ளைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேண்டுதல் செய்வார்கள். வேஷம் போடுவார்கள், அலகு குத்துவார்கள். விடியற்காலையில் கோவிலுக்குப் போன கூட்டம், துணியில் உடம்பை மறைத்துத் தலையை மட்டும் வெளியே நீட்டி நிற்கிற இவரைப் பார்த்து, இதுவும் ஒரு கடுமையான வேண்டுதல் என்று முடிவு செய்துவிட்டது. சாமி என்றாலே நந்தியோடு நின்றுவிடுகிறவருக்குத் தீபாராதனை!

ஒரு கிழவர் கைகட்டி நின்று, "சாமி, மருமவ ஊட்டுல தங்கமாட்டேங்கறா. ஒரு வாக்குச் சொல்லணும்" என்றார்.

தலை ரகசியக் குரலில் கேட்டது: "பின்னந்தலையில ரெட்டச் சுழி இருக்குதா?"

"இருக்குது சாமி!" கிழவர் ஆடிப்போனார்.

"அதட்டாத. தட்டிக் குடுத்து ஓட்டு. ஓடும். சத்தம் போடாமப் போ."

நான் கிட்டப் போனேன். "மச்சான், இன்னா இது? எறங்கி வாங்க!"

"உஸ்ஸ்! தங்கச்சி தூங்குது. நான் நவுந்தா துணி அது மேல உழும். வெயில் ஏறட்டும்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். முண்டாசுத் துணியைச் சும்மாடு போல் சுருட்டித் தோளில் வைத்து, அதன் மேல் அந்தக் கான்வாஸ் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, இரண்டு காலையும் அகட்டி ஊன்றி நின்றார். அவர் காலுக்கு ஓர் அடி தள்ளி அஞ்சலை படுத்திருந்தாள். மூச்சு சீராக வந்தது. இழுப்பு இல்லை. மகள் அவள் இடுப்பில் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். வைக்கோல்கூட நனையவில்லை.

பச்சையம்மாள் எழுந்து வெளியே வந்து பார்த்தாள். மோவாயில் கை வைத்தாள். "நிக்கட்டும் தம்பி. கட்டின நாள்லேருந்து குந்திக்கினுதான இருக்காரு" என்றாள். சொல்லிவிட்டு, முந்தானையால் அவர் மூக்கில் வழிந்திருந்த மஞ்சளைத் துடைத்துவிட்டாள்.

வெயில் ஏறியது. அஞ்சலை எழுந்து, குளித்து, மூட்டையைப் பிரித்து, கேப்பையும் மொச்சையும் கத்தரிக்காயுமாகக் கொள்ளையில் கை நிறைய வாரி வாரி விட்டாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை. சுழியார் கோவில் பக்கம் வரவில்லை. டேராவைக் கீழே இறக்கிவிட்டு, பாடைச் சுழி மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, நின்ற காலை நீவிக்கொண்டிருந்தார்.

நான் பின்னால் போய் நின்றது அவருக்குத் தெரியாது. முண்டாசு இன்னும் தோளில்தான் கிடந்தது. பின்னந்தலையில் மிச்சமிருந்த கொஞ்சம் மயிர் விடிய விடியப் பனியில் நனைந்து, இன்னும் முழுக்கக் காயாமல் வழுக்கையோடு ஒட்டிக் கிடந்தது. அஞ்சலை மேல் விழாத அத்தனை பனியும் அங்கேதான் விழுந்திருந்தது. அந்த ஈரத்துக்கு நடுவே ஒரு சுழி இருந்தது. அதற்குச் சாஸ்திரத்தில் என்ன பேரோ, எனக்குத் தெரியாது. தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். அவருக்கோ தன் பின்னந்தலையைப் பார்க்க வழியில்லை.

ஆகையால் நானே சொல்லி வைக்கிறேன். அது நல்ல சுழி.